மிலாறு மூடிய மலை

கவ்வாத்து முடிந்த தேயிலை மலையைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ நெருப்புப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பச்சை என்று பேருக்குக்கூட இருக்காது. முழங்கால் உயரத்தில் வெட்டிய கிளைகளின் கட்டை வாதுகள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை செடியை இப்படி மொட்டை அடித்தால்தான் மறுபடி கொழுந்து வரும். ஆனால் அதற்கு இரண்டு காரியம் கூடி வர வேண்டும். செடி தன் வேரில் சாப்பாடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு வானம் கொஞ்சமாவது ஈரம் காட்ட வேண்டும். அந்த வருஷம் நாலாம் நம்பர் மலைக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

அந்த மலையின் கீழ்ப்பக்கத்தில் எண்ணூறு செடி மீனம்மாவுடையது. ஹட்டனுக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில், ஆள் போட்டுப் பார்க்க முடியாமல் போன மலைகளை நிர்வாகம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. நீயே புல் வெட்டு, நீயே உரம் போடு, கொழுந்தைத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்குக் கொடு என்று ஏற்பாடு. நிலம் என்னவோ தோட்டத்தினுடையதுதான். இருந்தாலும் ஒப்பந்தக் கடதாசியில் மீனம்மாவின் பெயர் முழுசாக எழுதியிருந்தது. நாற்பத்தாறு வயது வரைக்கும் அவள் பெயர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற பெயராகத்தான் இருந்தது. ஒரு துண்டு மண்ணுக்குப் பக்கத்தில் அதை யாரும் எழுதியதில்லை. அந்தக் கடதாசியை அவள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கொண்டு திரிந்து காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதன் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. கவ்வாத்துக்குப் பிறகு கால்வாசிக்கு மேல் செடி செத்தால் நிலம் திரும்பத் தோட்டத்துக்கே.

அவள் புருஷன் வீரய்யா கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் பேர்போனவன். வெட்டுவதற்கு முதல் நாள் அவன் ஒரு காரியம் செய்தான். நாலைந்து செடியின் அடியில் தோண்டி, பென்சில் பருமனில் வேர்த்துண்டுகள் எடுத்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடுகிற அயடீன் கொஞ்சம் கேட்டு வாங்கி, வெட்டிய வேரில் தடவினான். வேரில் சாப்பாடு இருந்தால் அந்த இடம் மை கொட்டினது போலக் கறுக்கும். முன்பெல்லாம் மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா நேரில் நின்று செய்விக்கிற சோதனைதான் இது. இப்போது யாருக்கு நேரம்? வீரய்யா தடவிய வேர்கள் கறுக்கவில்லை. வெளிறிப்போன மஞ்சளாகவே கிடந்தன.

உரம் கிடைக்காமல் நாடே தவித்த காலத்தில் அந்தச் செடிகள் பட்டினி கிடந்தவை. போதாதற்கு, நிழலுக்கு நின்ற மரங்களையும் வெட்டி விற்றிருந்தார்கள். வீரய்யா கண்டாக்கையாவிடம் போய் நின்றான்.

"ஐயா, இப்ப வெட்டுனா தாங்காதுங்க. தை, மாசி வெயில் இருக்கு. சித்திரை மழை வரட்டும். இல்லாட்டி செடிக்கு ஒரு வாதாச்சும் எலையோட விட்டு வெட்டுறேன். மூச்சுவிட்டுக்கிட்டு கெடக்கும்."

"ஒனக்கு ஒரு சட்டம், தோட்டத்துக்கு ஒரு சட்டமா?" என்றார் கண்டாக்கையா. "இந்த மாசத்துக்குள்ள மலை முழுக்க ஒரே மட்டமா வெட்டி முடிக்கணும். முடியாதுன்னா சொல்லு, வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்."

அதற்குப் பிறகு என்ன பேச்சு? தை பிறப்பதற்கு முன்பே வீரய்யா எண்ணூறு செடியையும் வெட்டி முடித்தான். வெட்டிப் போட்ட வாதுகளை, அந்த மிலாறை, மீனம்மாவும் அவனும் சேர்ந்து ஒவ்வொரு செடியின் தலையிலும் அடுக்கினார்கள். மொட்டை வாதில் நேர் வெயில் பட்டால் பட்டை வெடிக்கும். வெடித்த பட்டைக்குள் ஈரம் நிற்காது. மிலாறுதான் இனி செடிக்கு இலை, மிலாறுதான் அதற்குக் கூரை. "மழ பேயுற வரைக்கும் இத யாரும் தொடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வீரய்யா கினிகத்தேனைக்கு வீடு கட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவான்.

யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று வாயால் சொல்வது சுலபம். லயத்து அடுப்புக்கு மிலாறைப் போல விறகு கிடையாது. எண்ணெய் ஊற்றினது போலப் பிடித்துக்கொள்ளும், புகையும் குறைவு. எந்த மலையில் கவ்வாத்து நடந்தாலும் மூன்றாம் நாள் பெண்கள் கயிற்றோடு போய்க் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற காரியம் அது. மிலாறுக்கு ஒருத்தரும் சொந்தம் கொண்டாடியதில்லை; கேட்டு எடுக்கிற வழக்கமும் இல்லை. அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் கவ்வாத்து நடந்ததே நாலாம் நம்பர் மலை ஒன்றில்தான். மலையின் மேல்பக்கத்தை எடுத்த குடும்பங்கள் தங்கள் மிலாறை ஒரு வாரத்தில் எரித்துத் தீர்த்துவிட்டார்கள். மஃறூப் நானா கடையில் கேஸ் சிலிண்டர் அடுக்கி வைத்திருந்தார். அதைக் காசு கொடுத்துத் தூக்கி வருகிற நிலைமையில் லயத்தில் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது மீனம்மாவின் எண்ணூறு செடிமேல் கிடந்த மிலாறு மட்டும்தான்.

முதலில் வந்தவர்களிடம் அவள் நயமாகச் சொன்னாள். அடுத்து வந்தவர்களிடம் கெஞ்சினாள். பிறகு சண்டையே பிடித்தாள். "என்னாடி, மிலாறுக்கு வேலி போட்டுட்டியா?" என்று குழாயடியில் கேட்டார்கள். 'மிலாறு மகாராணி' என்று பேர் வைத்தார்கள். அவள் கவலைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு வார்த்தையும் தைத்தது. ஆனால் காலையில் கொழுந்துக்குப் போகும் முன்னும், பின்னேரம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகும் அவள் மலைக்குப் போய் மிலாறை விலக்கி, வாதின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரியும். அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லா ஏச்சும் மறந்துபோகும். மிலாறை மறுபடி மூடிவிட்டு, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிட்டவள் மாதிரி சத்தமில்லாமல் இறங்கி வருவாள்.

வானம் இரங்கவில்லை. தை முழுக்க விடிகாலையில் எலும்பைக் குத்துகிற குளிர், பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கிற வெயில். ஓடையில் தண்ணீர் கல்லுக்குக் கல் நின்று நின்று ஓடியது. பக்கத்து மலைகளில் வெட்டாத செடிகள்கூட இலை சுருண்டு செங்கல் நிறத்துக்குப் போயின. மேல்பக்கத்தில் மிலாறு இல்லாத செடிகளின் வாதுகள் வெயில் விழுகிற பக்கமாக நீளத்துக்கு வெடித்திருந்தன. சுரண்டினால் உள்ளே பழுப்பு. மீனம்மா அதையும் பார்த்தாள். தன் பிடிவாதம் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. தப்பும் சொல்ல முடியாது, சரியாகத்தான் இருந்தது.

லயத்தில் மீனம்மாவுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருந்தவள் ராசம்மா. வயது அறுபதைத் தொட்டுவிட்டது, பென்சன் வாங்கிவிட்டாள். ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபத்திரண்டு வருஷம் இருவரும் இருந்தார்கள். மீனம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம், வீட்டில் உலை வைத்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் ராசம்மாதான். சண்டையும் குறைவில்லை. சுவரைத் தட்டித் தட்டியே இருவரும் திட்டிக்கொள்வார்கள். அடுத்த நாள் அதே சுவரைத் தட்டி உப்பு கேட்பார்கள்.

மாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். வேலை அவசரத்தில் அந்த வாரம் வீரய்யா வீட்டுக்கு வந்திருக்கவில்லை. மீனம்மா மலையில் காற்றுக்குச் சரிந்த மிலாறை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ராசம்மா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"மீனம்மா, ஒரே ஒரு கட்டு குடு புள்ள. ரெண்டு நாளா சளி நெஞ்சக் கட்டிக்கிட்டு கெடக்கு. சுடுதண்ணி வைக்கக்கூட குச்சி இல்ல."

மீனம்மா நிமிரவில்லை. நிமிர்ந்தால் கொடுத்துவிடுவோம் என்ற பயம். "அக்கா, ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு லயமே வந்து நிக்கும். அவங்களுக்கு என்னா பதில் சொல்றது? இன்னும் ரெண்டு வாரம். மழ வந்திரும். அப்புறம் பூரா மிலாறையும் நானே கொண்டாந்து போடுறேன்."

"ஒரு கட்டுல என்னாடி வந்துறப் போவுது?"

"ஒரு கட்டு எடுத்தா இருவது செடி காயும். என் வீட்டுல சுடுதண்ணி இருக்கு, எடுத்துக்கிருங்க. மிலாற மட்டும் கேக்காதீங்க."

ராசம்மா குனிந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு செடியின் மிலாறைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அதைத் திரும்ப வைத்துச் சரி செய்தாள். "சரி, சரி. நீ பாரு ஒன் வேலய" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகப் போனாளா இல்லையா என்று மீனம்மாவுக்குத் தெரியவில்லை. முதுகைப் பார்த்து அதையெல்லாம் யாரால் சொல்ல முடியும்?

ராசம்மா லயத்துக்குத் திரும்பவில்லை. நேரே மேலே பைனஸ் மரக் காட்டுக்குப் போனாள். அங்கே காய்ந்து விழுந்த கிளைகள் கிடக்கும். ஆனால் பாறைக்குக் கீழே குளவிக்கூடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் ஆள் போய் மாதக்கணக்காகிறது. வெயில் காலத்தில் குளவிக்கு ஒரு சின்னச் சத்தம் போதும். பதினொரு மணிக்கு அவள் போட்ட சத்தம் கீழே லயம் வரைக்கும் கேட்டது. கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஆண்கள் போய்த் தூக்கி வந்தபோது அவள் முகம் யாருடைய முகமாகவோ இருந்தது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஹட்டனில் தையல் கடையில் வேலை செய்கிற அவள் மகள் தனுஜா அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தாள், அவளும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மணித்தியாலம் மூச்சு இருந்தது. பின்னேரம் செய்திதான் வந்தது.

மீனம்மாவுக்கு அழுகை வரவில்லை. காம்பராவுக்குள் போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் வைத்த சுடுதண்ணி ஆறிப்போய் அப்படியே இருந்தது. யாராவது வந்து தன்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. ராசம்மா மிலாறு கேட்டு வந்ததும், இவள் இல்லை என்றதும் அந்த மலைக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டுந்தானே தெரியும்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் காம்பராவுக்கு ஒரு கட்டு விறகு என்பது எழுதாத சட்டம். இரண்டு நாள் சாவு வீட்டில் அடுப்பு அணையக் கூடாது. வருகிற போகிறவர்களுக்குத் தேத்தண்ணி, தப்பு அடிக்கிறவர்களுக்குச் சோறு என்று எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வறட்சியில் யாரிடம் இருந்தது விறகு? திங்கட்கிழமை காலையில் பிரேதம் வந்து சேர்ந்தபோது ஒருவன் கோழிக்கூட்டின் பலகையை உடைத்துக்கொண்டு வந்தான். இன்னொருத்தி உடைந்த கட்டில் காலைக் கொண்டு வந்தாள். வாசலில் கூடியிருந்த பெண்கள் நாலாம் நம்பர் மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு மீனம்மாவைப் பார்த்தார்கள். கேட்க மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மீனம்மா கயிற்றை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள்.

முதல் கட்டுக்கு இருபது செடியை அவிழ்த்தாள். அத்தோடு நின்றிருந்தால் சட்டம் தீர்ந்திருக்கும். அவளால் நிற்க முடியவில்லை. கட்டைச் சுமந்து வந்து சாவு வீட்டு வாசலில் போட்டாள், திரும்ப ஏறினாள். கீழ்வரியில் தொடங்கி ஒவ்வொரு செடியாக மிலாறை உருவி உருவிக் கட்டினாள். வெட்டு நுனிகள் கையைக் கிழித்தன. அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. "போதும்டி, மலை மாதிரி கெடக்கு" என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

செய்தி கேட்டு வந்த வீரய்யா அவளைத் தேடி மலைக்கு வந்தபோது அவள் பங்கில் பாதி மொட்டையாக நின்றது. அவன் அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தான்.

"என்னா செய்ற? இந்த வெயில்ல இதெல்லாம் செத்துரும் மீனம்மா."

"சாவட்டும்."

"ஒனக்குப் பித்து புடிச்சிருச்சா?"

"ஒரு கட்டு கேட்டுச்சு. ஒரே ஒரு கட்டு. நான் குடுக்கல. அதான் மேல போச்சு." அவள் குரல் உயரவில்லை. "இப்ப விடு என்னைய."

வீரய்யா கயிற்றை விட்டுவிட்டான். பிறகு குனிந்து அவள் கட்டிய கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவனே இறங்கினான். எண்ணூறு செடியில் நானூற்றுக்கு மேல் அன்றைக்கு அவிழ்ந்தன. ராசம்மாவின் சாவு வீட்டு அடுப்பு கருமாதி வரைக்கும் குறைவில்லாமல் எரிந்தது.

மழை மூன்று வாரம் கழித்து வந்தது. அதற்குள் வெயில் தன் வேலையை முடித்திருந்தது. முதலில் வாதுகளின் மேல்பட்டை வெளுத்தது, பிறகு வெடித்தது, பிறகு வெடிப்பிலிருந்து கறுப்பு கீழே இறங்கியது. மீனம்மா தினமும் போனாள், சுரண்டினாள். நுனியில் பழுப்பு, ஒரு சாண் இறக்கிச் சுரண்டினால் பச்சை. அடுத்த வாரம் அங்கேயும் பழுப்பு. பட்டினி கிடந்த வேரால் எவ்வளவு நாளைக்குத்தான் மேலே அனுப்ப முடியும்? மழை கொட்டித் தீர்த்த பிறகு, அவள் நிலத்தில் மிலாறு மூடியிருந்த மேல்பாதியில் வாதுகளின் கணுக்களில் அரிசி அளவுக்குச் சிவப்பு மொட்டுகள் வந்தன. கீழ்ப்பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்றதெல்லாம் வெறும் கட்டை.

கண்டாக்கையா வந்து வரி வரியாக நடந்து பார்த்தார். கால்வாசி என்ன, பாதி போய்விட்டது. நடுவில் கோடு கிழித்தாற்போல மேலே துளிரும் கீழே கட்டையுமாக இருப்பது அவருக்கே புரியவில்லை.

"இது ஏன் இப்பிடி?"

"மேல மூடுன மிலாற எடுத்துட்டோம்ங்க" என்றாள் மீனம்மா.

"யாரு எடுக்கச் சொன்னா?"

அவள் குனிந்து ஒரு கட்டையை நகத்தால் சுரண்டினாள். வரும் மாதம் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு அவர் போனார். வெட்டச் சொன்ன நாளைப் பற்றி வீரய்யா ஏதோ ஆரம்பித்தான். மீனம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஓர் உயிர் போனதற்கு இதையாவது கொடுத்தோம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்குதான் அவளை ஒரு மாதமாகச் சோறு தின்ன வைத்தது, தூங்க வைத்தது.

முப்பத்தோராம் நாள் சாமி கும்பிட்டு முடித்த பின்னேரம் தனுஜா மலைக்கு வந்தாள். ஹட்டனுக்கே குடிபோகப் போகிறாளாம், சொல்லிக்கொண்டு போக வந்தாள். செடிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா சித்தி இது? இதெல்லாம் மூடித்தானே வச்சிருந்தீங்க?"

"அம்மா சாவுக்கு எடுத்தேன்."

"இவ்வளவுமா?"

"நான் ஒனக்கு ஒன்னு சொல்லணும் தனுஜா." மீனம்மா கீழே உட்கார்ந்துகொண்டாள். "அன்னைக்குக் காலையில ஒங்கம்மா எங்கிட்ட ஒரு கட்டு கேட்டு வந்துச்சு. நான் இல்லேன்னுட்டேன். அதனாலதான் பைனஸ் காட்டுக்குப் போச்சு."

தனுஜா ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சித்தி. லொறியில போறப்ப அம்மா சொன்னாங்க."

"சொல்லுச்சா? என்னா சொல்லுச்சு? திட்டுச்சா?"

"திட்டல." தனுஜாவின் கண் கலங்கியது. முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "ஒதடெல்லாம் வீங்கிப் போயி பேச்சே வரல. அதுலயும் எங்கிட்ட திரும்பத் திரும்ப ஒன்னுதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. 'நான் செத்துட்டா மீனம்மா மனசு கேக்காம அந்த மிலாறத் தூக்கிட்டு வருவா. வெறகுக்கு வேற எங்கயாச்சும் பாத்துக்கிருங்க. அதத் தொட விட்டுறாத. உள்ள பச்சையா இருக்கு, நான் பாத்தேன்'னு. சாவு கீவுன்னு பேசாதம்மான்னு நான்தான் வாய மூடுனேன். அப்புறம் அந்த ரெண்டு நாளும் நான் அம்மா தலமாட்டுலயே கெடந்தேன் சித்தி. வெறகு எங்கருந்து வருதுன்னு நான் எங்க பாத்தேன்? மறந்தே போயிட்டேன்."

மீனம்மா கைகளைப் பார்த்தாள். மிலாறு கிழித்த கோடுகள் ஆறித் தழும்பாகியிருந்தன. ராசம்மா தன்னை மன்னித்தாளா இல்லையா என்று முப்பத்தொரு நாளாக உருண்டு புரண்டவளுக்கு இப்போது அதெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்த ஒருத்திக்கு, ஒரு கட்டு கொடுக்காமல் விட்டோமே என்பதுதான் மிச்சம் நின்றது. ராசம்மா கடைசியாக ஆசைப்பட்டதும் இந்தச் செடிகள் பிழைக்க வேண்டும் என்றுதான். அதையும் தன் கையாலேயே உருவிக் கொண்டுபோய் எரித்தாகிவிட்டது.

"அக்கா" என்றாள் மீனம்மா. சுவரைத் தட்டிக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. பிறகு தனுஜாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.